தூக்கத்தைக் கெடுக்காத டம்ளர்: மெட்டுகுடாவில் டீகாஃப் காபி

செகந்திராபாத் மெட்டுகுடாவில் டீகாஃப், அதாவது காஃபின் நீக்கிய காபி, தேடிப் புறப்படுகிறவர் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ருசியான டீகாஃப் விலை அதிகம். விலை குறைந்த டீகாஃப் வாயில் வைக்க முடியாது. இரண்டும் கூடிவந்த பாக்கெட் எந்த அலமாரியிலும் தயாராக உட்கார்ந்திருக்காது. வீட்டில் கலந்துதான் அதை உண்டாக்க வேண்டும். அதற்கு வேண்டியவை மூன்று: டீகாஃப் கொட்டை, நல்ல அரபிகா, சிக்கரி. மூன்றையும் இந்த ஊரில் இருந்தபடியே வாங்கலாம். வீட்டில் இறங்கும் எல்லா டிகாக்‌ஷனையும் டீகாஃபாக மாற்றுவது பெரும்பாலோருக்கு வீண் செலவு. சாயங்கால டம்ளரை மட்டும் மாற்றினால் போதும். இந்த அத்தியாயம் அந்தக் கட்சியைச் சேர்ந்தது.

இந்தப் பக்கத்தில் பில்டர் காபி புதிதல்ல. 1966 அக்டோபர் 2ஆம் தேதி தென்மத்திய ரயில்வே உருவானபோது, அதில் ஒரு பகுதி சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னக ரயில்வேயிலிருந்து பிரிந்து வந்தது. அதற்கு முன்பே செகந்திராபாத் பட்டாளமும் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பும் தமிழ்க் குடும்பங்களை இங்கே இழுத்திருந்தன. மெட்டுகுடா, லாலாகுடா, தார்நாகா, பத்மாராவ் நகர், மாரேட்பள்ளி என்று இந்த வட்டாரம் முழுக்க இரண்டு மூன்று தலைமுறையாக விடியற்காலையில் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருக்கிறது. அன்று குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தவர்களுக்கு இன்று எழுபது எண்பது வயது. படபடப்பு, ரத்த அழுத்தம், ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு என்று ஏதோ ஒன்றுக்காக டாக்டரிடம் போனால், “காபியைக் குறைங்க” என்கிறார். எந்தக் காபியை, எவ்வளவு, எந்த வேளையில் என்பதைச் சொல்ல அவருக்கு நேரமிருப்பதில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

முதலில் கணக்கு

மெட்டுகுடா மெட்ரோவில் ஏறி நாகோல் பக்கம் போனால் அடுத்த நிறுத்தம் தார்நாகா. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. 1918இல் குன்னூரில் சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறிய நிறுவனம். அதுவும் நம்மைப் போலத் தெற்கிலிருந்து வந்து குடியேறியதுதான். இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களை இந்த நிறுவனம் 2024 மே மாதம் புதுப்பித்து வெளியிட்டபோது, காபி டீயைப் பற்றியும் எண்களோடு சொன்னது. 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின். அதே அளவு இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65. டீயில் 30 முதல் 65. ஒரு நாளைக்கு மொத்தம் 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது அதன் ஆலோசனை.

டீயின் எண்ணை இன்னொரு முறை பாருங்கள். காபியை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு, சாயங்காலம் நடைபயிற்சி முடிந்ததும் இரானி ஓட்டலில் இரண்டு சாய் குடிப்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்கள் எதையும் விடவில்லை, பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

உடம்புக்குள் போன காஃபினில் பாதி வெளியேற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறும். கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மாதங்களில், பல மடங்கு நீளும். மாலை ஐந்து மணிக்குக் குடித்த 100 மில்லிகிராமில் இரவு பத்து மணிக்கும் 50 மிச்சம் இருக்கிறது என்றால், அது ஒரு இன்ஸ்டன்ட் காபியைக் குடித்துவிட்டுப் படுக்கப் போவதற்குச் சமம். காலை ஆறு மணிக் காபி அதற்குள் கரைந்து போயிருக்கும். தூக்கம்தான் உங்கள் பிரச்சினை என்றால் காலைக் காபியின் மேல் கை வைக்காதீர்கள். அது அப்பாவி.

அடுத்தது பொடியின் கணக்கு. நம் வீட்டு பில்டரில் ஒரு கெட்டியான டம்ளருக்கு 10 கிராம் பொடி போகிறது என்று வைத்துக்கொள்வோம். அரபிகாக் கொட்டையில் காஃபின் ஏறத்தாழ 1.2 சதவீதம். ரொபஸ்டாவில் 2.2 சதவீதம் வரை. சிக்கரி ஒரு செடியின் வறுத்த வேர். அதில் காஃபினே கிடையாது. ஆகவே 10 கிராமும் ரொபஸ்டாவாக இருந்தால் 220 மில்லிகிராம் வரை இருக்கும். பாதி ரொபஸ்டா, பாதி அரபிகா பீபரி போட்ட 60:40 கலவையில் (60 பங்கு காபி, 40 பங்கு சிக்கரி) சுமார் 100. அதே 60:40 கலவையில் ரொபஸ்டாவை எடுத்துவிட்டு முழுக்க அரபிகா போட்டால் 72. பொடியில் இருப்பது முழுதும் டிகாக்‌ஷனில் இறங்காது என்பதால் இவையெல்லாம் மேல்வரம்புகள்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

இதில் ஒரு சேதி ஒளிந்திருக்கிறது. டீகாஃப் என்ற சொல்லே காதில் விழாத காலத்திலிருந்து நம் வீடுகளில் காஃபின் குறைந்த காபிதான் குடித்துக்கொண்டிருக்கிறோம். சிக்கரி கலந்தால் கலப்படம் என்று முகம் சுளிக்கும் காபி ரசிகர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கடைக்காரரிடம் “ரொபஸ்டா வேண்டாம், பீபரியோ பிளாண்டேஷன் ஏயோ போடுங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால், டீகாஃப் பக்கமே போகாமல் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. வறுவலைக் கருக்கினால் காஃபின் போய்விடும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். வறுவலில் காஃபின் பெரிதாகக் குறைவதில்லை. கருகுவது ருசி மட்டும்தான்.

டீகாஃபுக்கும் ஓர் எண் உண்டு. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி டீகாஃப் வறுத்த காபியில் காஃபின் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டீகாஃப் இன்ஸ்டன்ட் பொடியில் 0.3 சதவீதம். 60:40 கலவையில் டீகாஃப் போட்டால் ஒரு டம்ளருக்கு அதிகபட்சம் 6 மில்லிகிராம் வரும். இரண்டு கிராம் டீகாஃப் இன்ஸ்டன்டிலும் அதே 6தான். பூஜ்யம் இல்லை, ஆனால் தூக்கத்தைக் கலைக்கும் அளவும் இல்லை. காஃபின் ஒரு துளிகூடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தால் இந்த அத்தியாயம் உங்களுக்கானதல்ல; சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் கருப்பட்டியோடு கொதிக்க வையுங்கள்.

காஃபினை எப்படி எடுக்கிறார்கள்

பாக்கெட்டின் விலையும் ருசியும் இதில்தான் முடிவாகின்றன என்பதால் கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது லாபம். காபியிலிருந்து காஃபினை முதலில் பிரித்தவர் ரூங்கே என்ற ஜெர்மானிய வேதியியலர். 1819இல், கவிஞர் கதே கொடுத்த காபிக்கொட்டைகளை வைத்து அதைச் செய்தார். வியாபாரத்துக்குக் கொண்டுவந்தவர் பிரெமன் நகரத்துக் காபி வணிகர் லுட்விக் ரோஸீலியுஸ். கடல்நீரில் நனைந்துபோன ஒரு சரக்கிலிருந்து அவருக்கு வழி கிடைத்ததாகச் சொல்வார்கள். 1906இல் காஃபி ஹாக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கொட்டையை ஆவியில் ஊறவைத்து பென்சீன் கொண்டு காஃபினை இழுத்தார். பென்சீன் உடம்புக்குக் கேடு என்று பின்னால் தெரிந்து அந்த முறை ஒழிந்தது.

இன்றைக்கு நாலு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. நாலிலும் வறுக்காத பச்சைக் கொட்டையைத்தான் நனைத்து எடுக்கிறார்கள். வறுவல் அதற்குப் பிறகு. மெத்திலீன் குளோரைடு என்ற கரைப்பான் மலிவு, ருசியையும் அதிகம் கெடுப்பதில்லை. பெயரைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். இது 40 டிகிரியிலேயே ஆவியாகிவிடும் சரக்கு. கொட்டையோ 200 டிகிரிக்கு மேல் வறுபடுகிறது. அமெரிக்காவில் வறுத்த டீகாஃபில் இதன் மிச்சம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் கூடாது என்று வரம்பு உண்டு. எனக்கு இதில் பெரிய பயம் இல்லை, ஆனால் வேண்டாம் என்பவரோடு வாதாடவும் மாட்டேன். இரண்டாவது, எத்தில் அசிடேட். பழங்களில் இயல்பாகவே இருக்கும் பொருள். கொலம்பியாவில் கரும்பிலிருந்து தயாரித்துப் பயன்படுத்துவதால், பாக்கெட்டில் ‘கரும்பு முறை’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். லேசான பழவாசனையும் இனிப்பும் தங்கும். பாலில்லாக் காபிக்கு இது அருமை. நம் பால் காபிக்கு அந்த வாசனை கொஞ்சம் அந்நியமாகத் தோன்றலாம்.

மூன்றாவது ஸ்விஸ் வாட்டர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஆலை. காபியின் மற்ற சத்தெல்லாம் ஏற்கெனவே கரைந்து நிறைந்த நீரில் கொட்டையை ஊறவைத்தால், காஃபின் மட்டும் வெளியே வரும். அந்த நீரைக் கரியில் வடிகட்டி மறுபடி பயன்படுத்துகிறார்கள். ரசாயனக் கரைப்பான் கிடையாது. ருசி அடக்கமானது, சாக்லேட் சாயல் உள்ளது, பாலுக்கு ஒத்துப்போகும். விலைதான் உறைக்கும். நாலாவது, அதிக அழுத்தத்தில் கரியமில வாயுவைக் கொண்டு எடுப்பது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆய்வு நிறுவனத்தில் 1960களில் கர்ட் ஸோஸல் கண்டுபிடித்தது. பெரிய ஆலைகளுக்கே கட்டுப்படியாகும் முறை.

எந்த முறையானாலும், ஒருமுறை நனைந்து உலர்ந்த கொட்டை பழைய கொட்டையாக இருப்பதில்லை. வறுக்கும்போது சீக்கிரம் கறுக்கும். எளிதில் நொறுங்கும். வாசனையும் சீக்கிரம் போய்விடும். வாங்குவதிலும் போடுவதிலும் செய்யவேண்டிய மாற்றங்களுக்கெல்லாம் இந்த மூன்று குணங்களே காரணம்.

எங்கே வாங்குவது

மளிகைக் கடையிலிருந்து ஆரம்பிப்போம், சீக்கிரம் முடிந்துவிடும். ரத்னதீப் போன்ற சூப்பர்மார்க்கெட்டின் காபி அலமாரி நீளமானது. உலகம் முழுவதும் இன்ஸ்டன்ட் காபி அனுப்பும் சி.சி.எல். நிறுவனத்தின் தலைமையிடம் ஐதராபாத். குண்டூர் மாவட்டம் துக்கிராலாவில் ஆலை. அதன் கான்டினென்டல் பிராண்டும் மற்றவையும் வரிசையாக நிற்கும். கோல்ட், பிரீமியம், ஃப்ரீஸ் ட்ரைட், ஸ்ட்ராங், மைல்ட் ஆகிய சொற்களுக்கும் காஃபினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ‘டீகாஃபினேட்டட்’ என்று தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சாதாரணக் காபி. அச்சிட்ட பாட்டில் அலமாரியில் இருந்தால் பெரும்பாலும் மேல்தட்டில், தூசியோடு இருக்கும். தயாரித்த தேதியைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். நெஸ்கஃபே கோல்ட் டீகாஃப் போன்ற வெளிநாட்டு பாட்டில்கள் ஆன்லைனில் கிடைக்கும். பயணத்துக்கும், திடீரென்று வந்து நிற்கும் விருந்தாளிக்கும் ஒரு பாட்டில் வீட்டில் இருப்பது சௌகரியம். தினசரிக் காபிக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். வெந்நீரில் கரைத்ததைப் பில்டர் காபி என்று நாக்கை ஏமாற்ற முடியாது.

அடுத்தது வறுத்து அரைத்துக் கொடுக்கும் காபிக்கடை. செகந்திராபாத் ரயில் நிலையத்துக்கு மறுபுறம் மோண்டா மார்க்கெட் சுற்றுவட்டாரத்திலும், தமிழர்களும் கன்னடக்காரர்களும் நெருங்கி வாழும் தெருக்களிலும் விசாரியுங்கள். இந்தக் கடைகளில் டீகாஃப் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம். அங்கே வாங்கவேண்டியவை பீபரி அல்லது பிளாண்டேஷன் ஏ, தனியாக சிக்கரி. கலந்த பொடியை வாங்காதீர்கள். கலந்ததில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. பாக்கெட்டில் விகிதம் அச்சிட்டிருக்கும், உதிரியாக வாங்குவதில் கடைக்காரர் வாய்ச்சொல்தான். தெலுங்கு வராதவர்கள் “சிக்கரி லேகுண்டா இவ்வண்டி, சிக்கரி வேறேகா இவ்வண்டி” என்றால் வேலை முடிந்தது. அரக்குப் பள்ளத்தாக்கு அரபிகாவும் இந்த வேலைக்குப் பொருத்தம். பழங்குடி விவசாயிகளிடமிருந்து கொள்முதல் செய்யும் கிரிஜன் கூட்டுறவு கார்ப்பரேஷன் அதைப் பொடியாக விற்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காபி. முழுக்க அரபிகா என்பதால் காஃபின் கணக்கும் நமக்குச் சாதகம்.

டீகாஃப் கொட்டைக்குப் போகவேண்டியது புதிய தலைமுறை ரோஸ்டர்களிடம். மெட்டுகுடாக்காரர்களுக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு. நீல வரி மெட்ரோவில் ஏறி உட்கார்ந்தால், வண்டி மாறாமல் ஜூபிலி ஹில்ஸ் செக்போஸ்ட், மாதாப்பூர், ஹைடெக் சிட்டி வரை போகலாம். நகரத்தின் காபிக் கடைகள் நெருக்கமாக உள்ள பாதை இது. ஆனால் போவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள். கோப்பையில் டீகாஃப் ஊற்றித் தருகிற கடை, கொட்டையைப் பாக்கெட்டில் விற்கும் என்று உறுதியில்லை, நேர்மாறாகவும் நடக்கும். கேட்கவேண்டிய கேள்விகள்: எந்த முறையில் காஃபின் எடுத்தது, எந்தத் தேதியில் வறுத்தது, நடுத்தர வறுவலா கடும் வறுவலா. முதல் கேள்விக்கே விழித்தால் அங்கே வாங்க வேண்டாம். வறுத்த தேதி மூன்று வாரத்துக்கு மேல் போயிருந்தாலும் வேண்டாம். நடுத்தர வறுவலைக் கேட்டு வாங்குங்கள். டீகாஃப் கடும் வறுவலில் வெறும் கரிக்கசப்பாகிவிடும். ரோஸ்டர்களின் தளங்களில் ஆன்லைனிலும் வாங்கலாம். பல இடங்களில் ஆர்டர் வந்த பிறகுதான் வறுக்கிறார்கள், அது டீகாஃபுக்கு ரொம்ப நல்லது.

எப்போதும் சின்னப் பாக்கெட். கிலோவாக வாங்கினால் விலை குறையும் என்பது டீகாஃபில் பொய்க் கணக்கு. முதல் பத்து நாளுக்குப் பிறகு வாசனை இறங்கத் தொடங்கும். ஐதராபாத் ஏப்ரல் வெயிலில் இன்னும் சீக்கிரம். 250 கிராம் வாங்கினால் நாலாகப் பிரித்து, காற்றுப் புகாத சின்ன டப்பாக்களில் மூன்றை ஃப்ரீஸரில் வையுங்கள். ஒரு டப்பாவை வெளியே எடுத்த பின் மறுபடி உள்ளே வைக்கக் கூடாது. பனிபட்டு ஈரமாகும்.

அரைப்பதற்கு மறுபடி உள்ளூர்க் கடைக்கே போகலாம், அரைத்துக் கொடுக்க மனமிருந்தால். அவர் இயந்திரத்தில் முந்தின ஆளின் ரொபஸ்டா மிச்சம் இருக்கும். முதல் கைப்பிடியை அரைத்து வேறாக எடுத்துவிடச் சொல்லுங்கள். பில்டர் அரைப்பைவிட ஒரு சுற்று பருமனாக இருக்கட்டும். டீகாஃப் நொறுங்கும்போது மாவு அதிகம் விழும், அது பில்டரின் கண்ணை அடைத்துவிடும். வீட்டு மிக்ஸியில் அரைப்பவர்கள் விட்டுவிட்டு ஓட்டி, கடைசியில் ஒருமுறை சலித்துவிடலாம்.

ஒரு டம்ளர் என்ன விலை

கிலோ விலையைப் பார்த்து மலைக்கிறவர்கள் டம்ளர் விலையைப் பார்ப்பதில்லை. கீழே உள்ளவை உதாரண எண்கள். நீங்கள் வாங்கும் நாளின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். டீகாஃப் கிலோ 2,400 ரூபாய், அரபிகா 1,000, சிக்கரி 300 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண 60:40 டம்ளருக்கு 6 கிராம் அரபிகா 6 ரூபாய், 4 கிராம் சிக்கரி 1 ரூபாய் 20 காசு, மொத்தம் 7.20. முழு டீகாஃப் டம்ளருக்கு 14.40 சேர்த்து 15.60. பாதி டீகாஃப் பாதி அரபிகா போட்டால் 11.40, காஃபின் 39 மில்லிகிராம், அதாவது சாதாரண டம்ளரில் ஏறத்தாழப் பாதி. இன்ஸ்டன்ட் டீகாஃப் 100 கிராம் பாட்டில் 800 ரூபாய் என்றால் 2 கிராமுக்கு 16 ரூபாய். ஆக, மலிவு என்று நினைத்து எடுக்கும் இன்ஸ்டன்ட் பாட்டில் நல்ல கொட்டையைவிட மலிவாக இல்லை. சிக்கரிதான் காரணம், டம்ளரின் பத்தில் நாலு பங்கைக் கிலோ 300 ரூபாய்ச் சரக்கு தாங்கிக்கொள்கிறது.

வீட்டில் இரண்டு பேர், சாயங்காலம் ஆளுக்கு ஒரு டம்ளர் என்றால் சாதாரணக் காபியைவிட மாதத்துக்கு 504 ரூபாய் கூடுதல். நாள் முழுதும் நாலு வேளையும் டீகாஃபே என்று போனால் 2,016. என் கட்சி ஏன் சாயங்காலக் கட்சி என்பது இப்போது விளங்கியிருக்கும்.

கலந்து இறக்குவது

சிக்கரியை டீகாஃபில் வெறும் செலவுச் சிக்கனமாக நினைக்க வேண்டாம். நனைந்து உலர்ந்ததில் கொட்டை இழந்த கெட்டியையும் நிறத்தையும் அது திருப்பித் தருகிறது. காபியைக் கெட்டியாகக் குடித்துப் பழகியவர்கள் 60:40இலிருந்து தொடங்கலாம். சிக்கரியின் இனிப்புக் கசப்பு பிடிக்காதவர்கள் 75:25க்கு வரட்டும். சிக்கரி அதற்கும் கீழே போனால் பாலுக்கு முன் டிகாக்‌ஷன் நிற்காது. எனக்குப் பிடித்தது 70:30, ஸ்விஸ் வாட்டர் கொட்டை. கலவையைப் பெரிய டப்பாவில் முன்கூட்டியே கலந்து வைக்காமல் ஒரு வாரத்துக்கு மட்டும் கலக்குங்கள்.

பில்டரின் அளவு முக்கியம். நாலு பேர் பில்டரில் இரண்டு டம்ளருக்கான பொடியைப் போட்டால் அடியில் மெல்லிய படலமாகக் கிடக்கும். தண்ணீர் நின்று ஊறாமல் ஓடிவிடும், டிகாக்‌ஷன் சாயத்தண்ணியாக இறங்கும். டீகாஃப் நன்றாக இல்லை என்று சொல்கிற பாதிப் பேர் வீட்டில் குற்றவாளி பெரிய பில்டர்தான். சாயங்காலத்துக்கென்று இருப்பதில் மிகச் சிறிய பித்தளை பில்டரோ எவர்சில்வர் பில்டரோ ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள். பொடி மேல்பாத்திரத்தில் பாதிக்காவது வர வேண்டும். குடையால் லேசாக அமுக்கினால் போதும்.

கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் விட்டு, முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து மிச்சத்தை ஊற்றுங்கள். தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பதும் பேச்சுக்குரியது. போர்வெல் உப்புத் தண்ணீரில் எந்தக் காபியும் மழுங்கும், ஏற்கெனவே மென்மையான டீகாஃப் சப்பென்று போய்விடும். குழாயில் வரும் நகராட்சித் தண்ணீரைக் காய்ச்சி எடுத்தால் போதுமானது. இரண்டாம் டிகாக்‌ஷன் பற்றி ஒரு வரி: டீகாஃபில் அப்படி ஒன்று கிடையாது. இறக்கியதை மறுபடி சுடவைப்பதும் கூடாது. காய்ச்சிய பாலின் சூட்டிலேயே சூடாகட்டும்.

பாலைக் கொஞ்சம் குறையுங்கள். வழக்கமாக ஒரு பங்கு டிகாக்‌ஷனுக்கு மூன்று பங்கு பால் விடுகிறவர் இதில் இரண்டரையோடு நிறுத்தலாம். கொழுப்பு நீக்காத பால்தான் வேண்டும். சர்க்கரையையும் குறைத்துப் பாருங்கள். காஃபினே கசப்பானது, அது போனதால் கசப்பு ஒரு பங்கு குறைந்திருக்கும், பழைய அளவு சர்க்கரை திகட்டும். நீரிழிவுக்காரர்களுக்கு இது எதிர்பாராத லாபம்.

வீட்டில் மாற்றும்போது

நாலு டம்ளர் குடித்துவந்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும். பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். இரண்டு நாளிலிருந்து ஒன்பது நாள் வரை இருக்கலாம். கூடவே எரிச்சல், சோர்வு. அதனால் படிப்படியாக இறங்குங்கள். முதல் வாரம் ரொபஸ்டாவை மட்டும் நீக்குங்கள். அடுத்த வாரம் சாயங்காலக் கலவையில் பாதி டீகாஃப். அதற்குப் பிறகு முழு டீகாஃப்.

பெரியவர்களுக்குத் தெரியாமல் பொடியை மாற்றும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் செய்யாதீர்கள். காரணம் தெரியாத தலைவலிக்கு அவர் மாத்திரை தேடுவார், ரத்த அழுத்தம் பார்ப்பார், நீங்கள் சமையலறையில் முழித்துக்கொண்டு நிற்பீர்கள். தவிர, அறுபது வருஷம் காபி குடித்த நாக்கு கண்டுபிடிக்காமல் விடாது.

“ஏம்மா, பொடி மாத்திட்டியா? வாசனையே வேற மாதிரி இருக்கே.”

“ஆமா மாமா, சாயங்காலத்துக்கு மட்டும். ராத்திரி தூக்கம் வரலைன்னு சொன்னீங்களே.”

“காலைல பழசுதானே?”

“காலைல பழசுதான் மாமா.”

இந்த நாலு வரிப் பேச்சு நடந்துவிட்டால் பெரும்பாலான வீடுகளில் எதிர்ப்பு அடங்கிவிடும். காலைக் காபி பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தவர், சாயங்காலக் காபியில் பெருந்தன்மை காட்டுவார்.

டீகாஃப் எல்லாக் கோளாறுக்கும் மருந்தில்லை. நெஞ்செரிச்சலுக்காக மாறுகிறவர்கள் ஏமாறலாம். காபியின் மற்ற அமிலங்கள் அப்படியே இருக்கின்றன, சிலருக்கு அவையும் ஒத்துக்கொள்ளாது. இரும்புச்சத்து விஷயத்தில் டீகாஃபும் சாதாரணக் காபியும் ஒன்றுதான். உணவிலுள்ள இரும்பை உடம்பு ஏற்கவிடாமல் தடுப்பது காஃபின் அல்ல, காபியிலுள்ள பாலிஃபீனால் வகைப் பொருட்கள். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி டீ வேண்டாம் என்று தார்நாகா நிறுவனம் சொல்வதும் இதனால்தான். ரத்தசோகைக்காரர்களும் கர்ப்பிணிகளும், சாப்பாடு முடிந்த கையோடு, ‘டீகாஃப்தானே’ என்று ஒரு டம்ளர் எடுப்பதை விட்டுவிட வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்கவே கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் தண்ணீரோடு அதை விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் எந்தக் காபியையும் தொட வேண்டும், டீகாஃப் உட்பட.

கர்ப்பிணிகளுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வரம்பு நாளுக்கு 200 மில்லிகிராம். டாக்டர் வேறு விதமாகச் சொல்லாதபோது, காலையில் ஒரு அரபிகா 60:40 டம்ளரும் மாலையில் ஒரு டீகாஃபும் சேர்ந்து அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஆபீஸ் டீ, கோலா, சாக்லேட் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுங்கள். ஊருக்குப் போகும்போது ரயிலில் ‘காபி காபி’ என்று வருவதில் என்ன பொடி இருக்கிறது என்று யாரும் சொல்லப்போவதில்லை. இரண்டு கிராம் டீகாஃப் இன்ஸ்டன்டைப் பொட்டலமாகக் கட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வெறும் சூடான பால் மட்டும் கேட்டு வாங்குங்கள்.